இடது பக்கத்துக் கீறலும் இரண்டாயிரம் நம்பர் தாளும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாடிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. வாசல் பல்பு மாற்றியாகிவிட்டது. நீங்கள் எங்கள் பொறுப்பில் விட்டுவிட்டுப் போன பொருட்களில் மேஜை மின்விசிறி நலம், புத்தகப் பெட்டி நலம், பெரிய குடை நலம். வண்டியைப் பற்றி அடுத்த பத்தியில் எழுதுகிறேன்.

அடுத்த பத்தி வந்துவிட்டது. நலம் சொல்வதற்கு வேறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். போனில் நீங்கள் "நல்லா இருக்கீங்களா மாமா" என்பீர்கள், நான் "இருக்கேன்" என்பேன், அதற்குள் உங்கள் அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொள்வாள். மூன்று வருடமாக நமக்குள் பேச்சு இந்த அளவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் இவ்வளவு பெரிய விஷயத்தை நுழைக்க எனக்குச் சாமர்த்தியம் போதாது. அதனால்தான் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். பக்கத்தில் என் மகள் இருந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய் உட்கார்ந்து படிக்கவும். அவளுக்கு இது தெரியக்கூடாது என்று இங்கே எல்லோரிடமும் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன்.

நீங்கள் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு இந்த நீல ஸ்கூட்டரில் வந்து இறங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வாசலில் நின்றுகொண்டு அதன் பக்கவாட்டில் விரலால் டொக் டொக் என்று தட்டிப் பார்த்து, "என்ன தம்பி, முழுக்க பிளாஸ்டிக்கா? இது வண்டியா, விளையாட்டுச் சாமானா?" என்று கேட்டேன். முப்பது வருடம் தகர வண்டி ஓட்டியவனுடைய திமிர். நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு எப்போது வந்தாலும் வண்டியை உள்ளே கொண்டுவராமல் கேட்டுக்கு வெளியே, மதிலோடு மதிலாக ஒட்டித்தான் நிறுத்தினீர்கள். உள்ளே ஒரு லாரி நிற்கும் அளவுக்கு இடம் கிடக்கிறது. "உள்ள விடுங்களேன் மாப்பிள்ளை" என்று நான் ஒரு தடவை வாய்விட்டே சொன்னேன். "பரவாயில்ல மாமா, வெளியவே இருக்கட்டும்" என்றீர்கள். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று. அப்படிப்பட்ட நீங்கள், ஒரு வருட வேலைக்காகக் கிளம்பும்போது, சொந்த அண்ணன் வீட்டில் கதவு போட்ட ஷெட் இருந்தும், சாவியை என் கையில் வைத்து "வண்டிய நீங்க பாத்துக்கோங்க மாமா" என்றீர்கள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேறு ஏதோ சொல்ல நினைத்து, "டயர்ல காத்து இருக்கா" என்று கேட்டுவிட்டேன்.

இனி நடந்தது. நீங்கள் போன மூன்றாவது வாரம் ஒரு மதியம் காற்றும் மழையுமாக அடித்தது. மதில் ஓரம் நின்ற வண்டியை அப்படியே விட மனசு வரவில்லை. நனைந்த உறையைக் கழற்றிவிட்டு, கேட்டைத் திறந்து, தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். கேட்டைத் தாண்டும்போது கிரீச் என்று ஒரு சத்தம். உள்ளே நிறுத்தித் துடைத்துப் பார்த்தால், இடது பக்க மூடியில் ஒரு கீறல். நாலே முக்கால் அங்குல நீளம். முன்பக்கம் ஆழமாக ஆரம்பித்து, போகப் போக மெலிந்து, கடைசியில் மேல்நோக்கி ஒரு சின்னக் கொக்கி. என் கண்தான் ஏமாற்றுகிறதா என்று சந்தேகப்பட்டு டேப் எடுத்து வந்து அளந்தேன். கேட் தாழ்ப்பாள் தரையிலிருந்து இருபத்தேழு அங்குலம். கீறல் தரையிலிருந்து இருபத்தேழு அங்குலம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமின் வடிவத்தை மெல்லிய தாளில் வரைந்து எடுப்போம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் கீறலின் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் அச்சு எடுத்து வைத்துக்கொண்டேன். பெயிண்ட் கடைக்காரரிடம் காட்டுவதற்காக.

பெயிண்ட் கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணுமே இல்ல சார். தண்ணி விட்டுத் தேய்ச்சா கீறல் போயிடும், அப்புறம் பாலிஷ் போட்டா பழைய பளபளப்பு வந்துடும்" என்று சொல்லி ஐந்து உப்புத்தாள்களைச் சுருட்டிக் கொடுத்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நம்பர். நானூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம். "வரிசையா போங்க சார்" என்றார். எந்தப் பக்கத்திலிருந்து வரிசை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் கண்ணாடிக் கடையின் முன்மேஜையில் உட்கார்ந்தவனுக்கு நம்பரைப் பற்றி இன்னொருவர் சொல்லித் தரவேண்டுமா? நம்பர் ஏறினால் பவர் ஏறும். முக்கால் நம்பர்காரர் பேப்பர் படிப்பார், ஆறாம் நம்பர்காரர் சுவரைத் தடவிக்கொண்டு வருவார். ஆகவே பவர் அதிகமான இரண்டாயிரத்தில் ஆரம்பித்துக் கீறலை எடுத்துவிட்டு, படிப்படியாக இறங்கி, ரொம்ப மென்மையான நானூறில் முடித்துப் பளபளப்பாக்குவது என்று முடிவு செய்தேன். இரண்டாயிரத்தால் முக்கால் மணிநேரம் தேய்த்தேன், கீறல் அசையவில்லை. ஆயிரத்து ஐந்நூறிலும் அசையவில்லை. கீழே இறங்க இறங்கத்தான் கீறல் மங்கியது, எனக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் அந்த மென்மையான நானூறைக் கையில் எடுத்து, குழந்தைக்குப் பவுடர் போடுவது போல் நிதானமாக, முழு மூடியின் மேலும் அரைமணிநேரம் தேய்த்தேன். உள்ளங்கை எரிந்தது. வயசாகிவிட்டால் மென்மையான பொருள்கூட உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காய்ந்ததும் பார்த்தேன். கீறலைக் காணோம். ஆனால் நீலத்தையும் காணோம். மூடி முழுக்கச் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துக் கிடந்தது, கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு கீறல் இருந்த இடத்தில் ஓராயிரம் கீறல். உங்கள் அத்தை வந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, வண்டிக்கு நரைச்சுப் போச்சா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய்த் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைக் கொண்டுவந்து தடவினாள். உடனே நீலம் அப்படியே திரும்பி வந்தது, பளபளவென்று. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒரு மணிநேரம் வைத்த கண் வாங்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணிநேரத்தில் தெருவில் இருந்த தூசியெல்லாம் வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் படியிறங்கி வந்தவர், "எண்ணெயெல்லாம் வேலைக்கு ஆகாது சார். பற்பசை போட்டுத் தேய்ங்க. பல்லே பளபளக்குது, பிளாஸ்டிக் பளபளக்காதா?" என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று இரண்டு டியூப் பற்பசையைத் தேய்த்தேன். வண்டி இரண்டு நாள் புதினா மணத்தது, வெள்ளை மட்டும் போகவில்லை. கூடவே இண்டு இடுக்கிலெல்லாம் பசை போய் உறைந்துகொண்டதால், அவரிடமே கேட்டுப் பல் குத்தும் கம்பி வாங்கி ஒரு காலைப்பொழுது முழுக்கக் குத்தி எடுத்தேன்.

பிறகு மெக்கானிக். அவர் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, "சூடு காட்டுங்க சார், பிளாஸ்டிக் தன்னால எண்ணெய் விட்டு மின்னும்" என்று சொல்லிவிட்டு வேறு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். என் மகளின் பழைய தலைமுடி உலர்த்தும் மெஷினைத் தேடி எடுத்துச் சூடு காட்டினேன். மூடி மின்னவில்லை. ஆனால் கம்பெனி பெயர் எழுதியிருந்த ஸ்டிக்கரின் முதல் எழுத்து எழுந்து நின்றுவிட்டது. மறுபடி போய்ச் சொன்னால், அடியில் படுத்தபடியே, "நான் சொன்னது கால் வைக்கிற கறுப்பு பிளாஸ்டிக்குக்கு சார். நீலத்துக்கு யாராவது சூடு காட்டுவாங்களா?" என்கிறார். கறுப்பும் நீலமும் பார்த்துத் தெரிந்துகொள்ளாதது என் குற்றமாம். மாப்பிள்ளை, நான் ஒன்று கேட்கிறேன். ஊரில் ஆளாளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள், சொல்லும்போது அத்தனை பேரும் உறுதியாகச் சொல்கிறார்கள், கடைசியில் நம்மைப் பார்த்து "அப்படியா செஞ்சீங்க!" என்கிறார்கள். யாரை நம்புவது என்றே எனக்குத் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் மூடியைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி, பெயிண்ட் கடைக்கே எடுத்துப் போனேன். கடைக்காரர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, உடனே மறுபடியும் மூடிவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "சார், எந்தத் தாள்ல முடிச்சீங்க?" "மென்மையானதுலதான். நானூறு." அவர் துண்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிச் சுற்றினார். "நம்பர் ஏற ஏறத்தான் சார் தாள் நைஸ் ஆகும். நானூறுதான் இருக்கறதுலயே முரடு" என்றார். முப்பத்தெட்டு வருட அனுபவம் அந்தக் கடை வாசலிலேயே கரைந்து போனது. "அப்ப இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றேன். "இது எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன் சார்" என்றார். அவர் கடையில் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். அதன் நம்பர் என்ன, எந்தக் கண்ணுக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது, ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை சோப்புத் தண்ணீர் விட்டு, நானூறிலிருந்து இரண்டாயிரம் வரை, நாளுக்கு ஒரு தாள், ஐந்து நாள். ஆறாம் நாள் பாலிஷ் பசை. அதை மென்மையான துணியில் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டுமாம், துணி அழுக்கானால் உடனே மாற்ற வேண்டுமாம். மென்மையான துணிக்கு எங்கே போவேன்? நான் ஓய்வு பெற்றபோது கடையில் எனக்கு நினைவுப் பரிசாக ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணி கொடுத்தார்கள், உங்களுக்குத் தெரியும். என் ஆயுசுக்கும் போதும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அத்தனையையும் எடுத்தேன். முப்பத்தாறு துணி. ஒன்றுவிடாமல் உங்கள் வண்டிக்கே போய்விட்டது. இதை நான் பெருமைக்காக எழுதவில்லை, என் மனசு எப்படிப்பட்டது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கடைசியாகக் கடைக்காரர் ஒரு டப்பா கொடுத்தார், நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, அழுத்தினால் புகை மாதிரி பீய்ச்சும். ஒரு முழம் தள்ளி நின்று அடிக்கச் சொன்னார். தள்ளி நின்றால் ஒழுங்காகப் படுகிறதா என்று எப்படித் தெரியும்? மூக்கு உரசும் தூரத்தில் குனிந்து, மூன்று கைப் பூச்சு அடித்தேன்.

இனிமேல்தான் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மூடி காய்ந்தது, மாட்டினேன், பார்த்தேன். மங்கல். பனிமூட்டத்துக்குள் வண்டி நிற்பது போல் இருக்கிறது. ஆனால் பெயிண்ட் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "மூஞ்சி தெரியுதே சார்!" என்கிறார். மெக்கானிக் இந்தப் பக்கமாகப் போனவர் நின்று, "ஷோரூம்ல இருந்து இப்பதான் வந்த மாதிரி இருக்கு" என்கிறார். பல் டாக்டர் குனிந்து அதில் பார்த்துத் தலையே வாரிக்கொண்டார். கிழவன் மனசு நோகக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு நடிக்கிறார்கள். உங்கள் அத்தையிடம் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு, வந்து சாப்பிடுங்க" என்றாள். அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறவள் இல்லை, அதிலேயே தெரியவில்லையா? ஒரு வாரமாக இதே கவலையில் எனக்கு எதைப் பார்த்தாலும் மங்கலாகத்தான் தெரிகிறது. காலண்டர் மங்கல், சோறு மங்கல், உங்கள் அத்தைகூட மங்கல்.

புது மூடி வாங்கி மாட்டிவிடலாம் என்று விசாரித்தேன். இந்த நீலம் இப்போது வருவதே இல்லையாம். ஆகவே மாப்பிள்ளை, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னை நம்பிக் கொடுத்த ஒரே பொருளை நான் கெடுத்துவிட்டேன். பிளாஸ்டிக் என்று நான் அன்றைக்குச் சொன்னது தப்பு. அதைத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, தகரத்தைவிட அதற்கு ரோஷம் அதிகம். நீங்கள் திரும்பி வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மறுபடி மதில் ஓரமாகவே நிறுத்தினாலும் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். நினைத்துக்கொள்வேன், ஆனால் சொல்ல மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். வேளாவேளைக்குச் சாப்பிடவும். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும் என்று எங்கள் இருவரின் மனமார்ந்த ஆசிகள். உங்கள் அண்ணன் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். அவர்கள் வீட்டு ஷெட்டையும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறைக்குள் வைக்கும்போது உங்கள் அத்தை வந்து, "உறை மேல என்ன எழுதியிருக்கீங்க, ஊர் பேரு மேல வீட்டு நம்பர் ஏறி உக்காந்திருக்கு" என்று சொல்லி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பார்த்தவள் என் கண்ணாடியைச் சட்டென்று உருவிக்கொண்டு போய்விட்டாள். நான் கண்ணாடித் துணி தவிர வேறு எதனாலும் கண்ணாடியைத் துடைப்பதில்லை, முப்பத்தெட்டு வருடம் வந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். துணி முழுக்க வண்டிக்குப் போய்விட்டதால் ஒரு வாரத்துக்கு மேலாகத் துடைக்கவே இல்லை. தேய்த்த தூசியும், பாலிஷும், குனிந்து அடித்த மூன்று கைப் பூச்சும் அதிலேதான் இருந்திருக்கின்றன. அவள் பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டுச் சுரண்டிக் கழுவி, என் பனியனாலேயே துடைத்துக் கொடுத்தாள். பதறிப் போய்விட்டேன். போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். மாப்பிள்ளை, வண்டியின் இடது பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அதில் நான் தெரிகிறேன், எனக்குப் பின்னால் கேட் தெரிகிறது, கேட் தாழ்ப்பாள்கூடத் தெரிகிறது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் படிக்க வேண்டாம்.

இதையும் எழுதி முடித்து உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது. என் மகள். உங்கள் அத்தை எனக்குக் கொடுத்த சத்தியத்தை ஒரே நிமிடத்தில் உடைத்துவிட்டாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, "அப்பா, அந்தக் கீறல் நீங்க போட்டதில்ல. நான் போட்டது. கல்யாணமான புதுசுல ஓட்டக் கத்துக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தப்போ, நம்ம கேட்லதான் உரசிட்டேன். நீங்க பாத்தா பிளாஸ்டிக்னு ஆரம்பிச்சு என்னைத் திட்டுவீங்கன்னுதான் அவர் மூணு வருஷமா கீறல் மதில் பக்கம் இருக்கற மாதிரியே வெளிய நிறுத்துவார்" என்றாள். கேட் எப்போது திறந்தாலும் கிரீச் என்றுதான் கத்தும் என்று உங்கள் அத்தை இப்போது சொல்கிறாள். "சரிம்மா, அதை ஏன் சரி பண்ணாம வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. "நான் பண்ணிடலாம்னுதான்ப்பா சொன்னேன். அவர்தான், நீ முதல் முதல்ல தனியா ஓட்டிட்டு வந்ததுக்கு அடையாளம், இருக்கட்டும்னார்" என்றாள். சாவியை அண்ணனிடம் கொடுக்காமல் என்னிடம் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன், உங்கள் அத்தை போனை வாங்கிக்கொண்டுவிட்டாள்.

மூன்று வருடம் என் வீட்டு வாசலில் நின்ற வண்டியை நான் ஒரு நாளும் அந்தப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்ததில்லை, மாப்பிள்ளை. அதற்கு வெட்கப்படுகிறேன். ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டாம். கீறலை அச்சு எடுத்த தாள் என் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது. நாலே முக்கால் அங்குலம், கடைசியில் மேல்நோக்கிக் கொக்கி. நானூறு நம்பர் தாள் இன்னும் பாதி மிச்சம், தாழ்ப்பாளும் அதே இருபத்தேழு அங்குலத்தில்தான் நிற்கிறது. உங்களுக்கு அந்தக் கீறல் வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், நீங்கள் வருவதற்குள் இருந்தபடியே போட்டு வைத்துவிடுகிறேன். வந்ததும் வண்டியை உள்ளேயே நிறுத்தவும்.